சம்பளச் சட்டம் மாறும்போது யார் சொல்வதைக் கேட்பது?

2025 பெப்ரவரி 17 ஆம் திகதி வரவு செலவுத் திட்ட உரையில் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஓர் அறிவிப்பைச் செய்தார். தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 21,000 ரூபாவிலிருந்து ஏப்ரலில் 27,000 ஆகும், 2026 ஜனவரியில் 30,000 ஆகும் என்றார். மறுநாள் பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் தேசிய குறைந்தபட்ச வேதனத் திருத்தச் சட்டம் நிறைவேறியது ஜூலையில்தான். நடைமுறைக்கு வரும் திகதி மட்டும் பின்னோக்கிப் போய் ஏப்ரல் 1 இல் நின்றது.

இடைப்பட்ட மாதங்களில் கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டை என்ன செய்தது? கெய்சர் வீதித் துணிக்கடைகளில் சிலர் செய்தியைப் பார்த்த கையோடு ஏப்ரல் சம்பளத்திலேயே கூட்டிக் கொடுத்தார்கள். பழைய சோனகத் தெருவில் சிலர் “சட்டம் வரட்டும், பார்ப்போம்” என்று இருந்துவிட்டார்கள். இன்னும் சிலர் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு, அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் 6,000 ரூபாவைச் சம்பளச் சிட்டையின் அடியில் ‘விசேட படி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அந்தத் தொகையைக் கணக்கில் எடுக்கவில்லை. கூட்டிக் கொடுத்தோம் என்ற திருப்தி அவர்களுக்கு இருந்தது. சட்டப்படி கொடுத்தோம் என்ற பாதுகாப்பு இருக்கவில்லை.

காத்திருந்தவர்களின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் அடிப்படைச் சம்பளம் 17,500. அதற்கு மேல் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1,000, 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2,500 என இரண்டு நிவாரணப் படிகள். ஆக 21,000. புதிய ஏற்பாட்டில் அந்த இரண்டு படிகளும் அடிப்படைச் சம்பளத்தோடு கலந்துவிட்டன. 27,000 என்பது முழுவதும் அடிப்படைச் சம்பளம். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதங்களுக்கும் ஆளுக்கு 18,000 ரூபா நிலுவை. ஒன்பது பேருக்கும் 162,000. அதன்மேல் முதலாளியின் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், மொத்தம் 24,300. ஒரே மூச்சில் 186,300 ரூபா. நடுத்தரக் கடை ஒன்றுக்கு இது விளையாட்டுத் தொகை அல்ல. மாதாமாதம் ஒதுக்கி வைத்திருந்தால் வலித்திருக்காது.

நான் சில கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் ஒரு பேக்கரிக்கும் சம்பளக் கணக்கு எழுதுகிறவன். அந்த ஜூலைக்குப் பிறகு முதலாளிமார் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி, “தம்பி, இதையெல்லாம் முதலே அறிந்துகொள்ள ஒரு வழி சொல்லும். யாருக்காவது காசு கட்டி வைத்துவிடலாமா?” என்பதுதான். கட்டலாம். கட்டாமலும் சமாளிக்கலாம். எது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வழியையும் எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். சம்பளச் சட்டம் நான்கு படிகளில் வருகிறது: மேடையில் அறிவிப்பு, பிறகு சட்டமூலம், பிறகு சட்டம் அல்லது அரசாங்க இதழான வர்த்தமானியில் வரும் கட்டளை, கடைசியில் “இது என் கடைக்கு, இந்த ஊழியருக்குப் பொருந்துமா?” என்ற கேள்வி. நமக்குச் செய்தி சொல்கிறவர் எந்தப் படியில் நின்று பேசுகிறார் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பத்திரிகையும் வட்ஸ்அப்பும்

முதல் படிக்குப் பத்திரிகையை விஞ்ச ஒன்றும் இல்லை. வீரகேசரியோ தினகரனோ காலையில் புரட்டினால் அமைச்சரவை முடிவு கண்ணில் படும். அது இலவசத்துக்குச் சமம், தமிழிலும் இருக்கிறது. ஆனால் அது சொல்வது ‘வரப்போகிறது’ என்பதை மட்டும். யாருக்கு, எந்தத் திகதியிலிருந்து, எந்தச் சம்பளத்தின்மேல் என்ற மூன்றும் செய்தியில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் இரண்டாம் பந்தியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும்.

பத்திரிகையை மட்டும் நம்பினால் வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுவோம். 2023 இல் எல்லாத் தொழில் சட்டங்களையும் ஒன்றாக்கும் புதிய சட்ட வரைவு பற்றிப் பேச்சு எழுந்தபோது, வேலை நேரமே மாறிவிட்டது என்று நம்பிய ஒரு முதலாளி ஊழியர்களின் நேரப் பட்டியலைத் திருத்தி ஒட்டிவிட்டார். வரைவு வரைவாகவே இருந்தது. கடைக்கும் காரியாலயத்துக்கும் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் சொன்ன நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்பதுதான் கணக்கு. சாப்பாட்டு இடைவேளை அதில் சேராது. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணிக்கு மேல் போகக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு.

வட்ஸ்அப் குழுக்களைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. பழைய வர்த்தமானியின் படத்தை ‘அவசரம், பகிரவும்’ என்று போடுகிறவர்கள் அதிகம். திகதியைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

வர்த்தமானியை நேரே படிப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆகவே என் பக்கச் சார்பைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகள் மூன்று மொழிகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வெள்ளிதோறும் வழமையான வர்த்தமானி. அவசரமானவை அதிவிசேட வர்த்தமானியாக எந்த நாளிலும் வரும். தொழில்வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைகளின் தீர்மானங்கள் பெரும்பாலும் இந்த அதிவிசேடங்களில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, தொழில் அமைச்சின் பெயரில் வந்தவற்றை மட்டும் பார்த்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

படிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் சிக்கல். சட்டமூலமும் சட்டமும் இரண்டுமே வர்த்தமானியின் இரண்டாம் பகுதிக்குக் குறைநிரப்பியாக, ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வெளிவருகின்றன. அவசரத்தில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டமானால் அதற்கு ஓர் இலக்கமும் ஆண்டும் இருக்கும். சபாநாயகர் சான்றுரைப்படுத்திய திகதியும் முகப்பிலேயே இருக்கும். சட்டமூலத்தில் அந்தச் சான்றுரை இருக்காது. முகப்புப் பக்கத்தில் இந்த ஒரு வரியைத் தேடிப் பழகிவிட்டால், ‘வந்துவிட்டது’ என்று ஓடி வருகிறவரிடம் “இன்னும் வரவில்லை, ஆனால் ஒதுக்கி வைக்கத் தொடங்குங்கள்” என்று சொல்ல முடியும். அந்த மூன்று மாத நிலுவையைத் தவிர்க்க இந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அடுத்தது, திருத்தச் சட்டத்தைத் தனியே படித்தால் ஒன்றும் விளங்காது. ‘முதன்மைச் சட்டத்தின் இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக’ என்றுதான் இருக்கும். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது மாதம் 10,000, நாள் 400 என்று தொடங்கியது. 2021 இல் 12,500, 500. 2024 இல் 17,500, 700. பிறகு 27,000, 1,080. 2026 ஜனவரியிலிருந்து 30,000, 1,200. கவனித்தீர்களா, எல்லா இடத்திலும் மாதச் சம்பளத்தை 25 ஆல் வகுத்தால் நாட்சம்பளம் வந்துவிடும். நாட்கூலிக்கு ஆள் பிடிக்கும் கடைக்காரர் இதை மனதில் வைத்திருந்தால், யாராவது தவறான தொகையைச் சொன்னால் உடனே பிடித்துவிடலாம்.

தமிழ் உரையை நம்பலாமா என்று கேட்பார்கள். அன்றாட வேலைக்குத் தாராளமாக நம்பலாம். ஆனால் சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும் என்று இந்தச் சட்டங்களிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. தகராறு என்று வந்தால் சிங்களப் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.

இவ்வளவு சொன்னாலும் வர்த்தமானியே கடைசி வார்த்தை ஆகிவிடாது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1,700 ரூபா என்று அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு சம்பளச் சபை ஊடாக அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று செப்டெம்பரில் முடிந்தது. கொழும்பில் இருந்துகொண்டு மலையகத்து உறவினருக்கு “வர்த்தமானியிலேயே வந்துவிட்டது, இனிப் பயமில்லை” என்று தொலைபேசியில் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர். அச்சானதைப் படிப்பது போதாது, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த வேலையை மட்டும் பத்திரிகை நன்றாகச் செய்கிறது. ஆகவே இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நான் பார்ப்பதில்லை.

நாரஹேன்பிட்டிக்குப் போவது

தொழில் திணைக்களத்தின் தலைமை நாரஹேன்பிட்டியில், மெஹெவர பியச என்ற உயர்ந்த கட்டடத்தில் இருக்கிறது. அதைத் தவிரப் பகுதிவாரியாகத் தொழில் அலுவலகங்கள் உண்டு. திணைக்களத்தின் இணையத்தளத்தில் சட்டங்களும் சம்பளச் சபை விவரங்களும் இருக்கின்றன. நான்காவது படிக் கேள்விக்கு, அதாவது ‘எனக்குப் பொருந்துமா’ என்பதற்கு, கட்டணமின்றிப் பதில் கிடைக்கக்கூடிய இடம் இதுதான்.

அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் சிக்கலாகும் என்பதற்கு என் கணக்குப் புத்தகத்திலிருந்தே ஒரு பக்கம். ஓர் அச்சகம். முன்னறையில் உட்கார்ந்து விலைச்சிட்டை எழுதுகிறவரும் கணக்குப் பார்க்கிறவரும் கடை, காரியாலயச் சட்டத்தின் கீழ். உள்ளே இயந்திரத்தில் நிற்கிறவர் 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அச்சுத் தொழில் சபைக்கு உட்பட்டவர். ஒரே கூரை, ஒரே முதலாளி, இரண்டு சட்டம். மேலதிக நேரம் கணக்கிடும்போது கடைச் சட்டத்தில் மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து மணிக்கூலி எடுப்பது வழக்கம்; சம்பளச் சபைத் தொழில்கள் பலவற்றில் 200 ஆல். 30,000 ரூபா சம்பளத்துக்கு முன்னறைக்காரருக்கு மணிக்கு 125, ஒன்றரை மடங்கில் 187.50. 200 பொருந்தும் தொழிலில் இருப்பவருக்கு 150, ஒன்றரை மடங்கில் 225. மணிக்கு 37.50 ரூபா வித்தியாசம். பாடசாலைப் பயிற்சிப் புத்தகங்கள் அடிக்கும் பருவத்தில் மாதம் 40 மணி மேலதிக வேலை என்றால் ஆளுக்கு 1,500 ரூபா. இதை எந்தச் செய்தித்தாளும் உங்களுக்குச் சொல்லாது.

பேக்கரியிலும் இதே கதை. மாவு பிசைகிறவர் ஒரு சபைக்குள், காசாளர் இன்னொரு சட்டத்துக்குள். சம்பளச் சபைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. உங்கள் தொழிலுக்கு ஒன்று இருக்கக்கூடும் என்று கருதித்தான் தொடங்க வேண்டும்.

திணைக்களத்துக்குப் போவதில் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. “போய்க் கேட்டால் பிறகு கடைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டுவார்கள்” என்பது. அந்தப் பயத்துக்கு ஏதோ அடிப்படை இருக்கலாம், ஆனால் பயப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எதையோ செலுத்தாமல் இருக்கிறவர்கள் என்பது என் அனுபவம். கணக்குச் சரியாக இருப்பவருக்குக் கேட்பதில் நட்டமில்லை.

இன்னொன்று, கவுண்டரில் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். கடிதமாக எழுதிக் கேளுங்கள். ஊழியரின் வேலையை விவரித்து, எந்தச் சட்டம் அல்லது சபை பொருந்தும் என்று கேளுங்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. பதில் வரச் சுணங்கும். ஆனால் வந்த கடிதம் கோவையில் இருந்தால், பின்னால் யார் வந்து கேட்டாலும் காட்டுவதற்கு ஒன்று இருக்கும். அதிகாரியின் விளக்கம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். இருந்தாலும் நல்லெண்ணத்தோடு கேட்டு நடந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

குறை என்னவென்றால், திணைக்களம் உங்களைத் தேடி வந்து ‘சட்டம் மாறிவிட்டது’ என்று சொல்லாது. கேட்டால்தான் பதில்.

விடுமுறைக்கு இந்த அலைச்சல் எதுவும் தேவையில்லை. கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பொது, வங்கி, வர்த்தகம் என்று மூன்று குறியீடுகள் இருக்கும். தனியார் துறைக்குக் கணக்கு மூன்றாவது குறி. தைப்பொங்கலுக்கு அந்தக் குறி உண்டு, தீபாவளிக்குக் கிடையாது. தீபாவளிக்குச் செட்டியார் தெருவில் நகைக்கடை பூட்டிக் கிடக்கிறது என்றால் அது வழக்கம், சட்டத்தின் கட்டாயம் அல்ல. பௌர்ணமியில் வேலை வாங்கினால் மட்டும் அன்றைக்கு ஒன்றரை நாள் சம்பளம் என்பதை மறக்கக்கூடாது.

காசு கொடுத்துப் பெறுபவை

கொழும்பிலுள்ள பெரிய சட்ட நிறுவனங்களும் கணக்காய்வு நிறுவனங்களும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சிறு குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வெளியிடுகின்றன. அது இலவசம். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதால் திகதியும் இலக்கமும் பெரும்பாலும் சரியாக இருக்கும், வேகமாகவும் வரும். இரண்டு நிறுவனங்களின் குறிப்பை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டும் ஒன்றையே சொன்னால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அவர்கள் எழுதுவது ஆடைத் தொழிற்சாலைக்கும் கணினிக் கம்பனிக்கும். ஐந்துலாம்புச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு அல்ல. உங்களுக்குத் தேவையான வரி அதில் இருக்காமலே போகலாம்.

முதலாளிமார் சம்மேளனம் வேறு வகை. 1929 இல், தொழிற்சங்கங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் உலுக்கிக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. இன்று இராஜகிரியவில் இருக்கிறது. உறுப்பினராகும் கம்பனிகளுக்குச் சட்ட மாற்றங்களை அறிவிப்பார்கள், தொலைபேசியில் ஆலோசனை சொல்வார்கள், பயிற்சி நடத்துவார்கள். தொழில் நியாய சபையில் வழக்கு வந்தால் உறுப்பினருக்காகத் தோன்றுவார்கள். நான்கு படிகளையும் ஒரே கூரையின் கீழ் தருகிற ஒரே இடம் இதுதான். சாய்வு முதலாளி பக்கம் என்பதைப் பெயரே சொல்கிறது. அவர்கள் தரும் விளக்கத்தைப் படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எல்லாக் கடைக்கும் இது தேவையா? இல்லை. நான் எல்லைக்கோட்டை 15 ஊழியரில் போடுகிறேன். அந்த எண்ணை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் கட்டாயக் கடமையாகிறது. 1971 ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டமும் 15 பேரிலிருந்துதான் முதலாளியைப் பிடிக்கிறது. அதன் பிறகு ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் ஊழியரின் எழுத்து மூலமான சம்மதம் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். பதினைந்தாவது ஆள் கடைக்குள் வரும்போது இரண்டு சட்டங்களும் கூடவே வருகின்றன.

பணிக்கொடையில் ஒரு விஷயம் பலருக்கு உறைப்பதில்லை. ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கணக்கிடுவது கடைசியாகப் பெற்ற சம்பளத்தில். அதாவது குறைந்தபட்சச் சம்பளம் கூடினால் இனி வரும் மாதங்களுக்கு மட்டும் செலவு கூடவில்லை. கடந்துபோன வருடங்களின் கடனும் கூடுகிறது. இருபது வருடம் வேலை செய்த ஒருவருக்கு 27,000 இல் 270,000 ரூபா. 30,000 ஆனவுடன் 300,000. ஓர் இரவில் 30,000 ரூபா கூடிவிட்டது. அப்படிப் பழைய ஆட்கள் பத்துப் பேர் இருக்கிற கடைக்காரர், ஆலோசனைக்குச் செலவழிக்கும் காசைப் பற்றி முணுமுணுக்கக்கூடாது என்பது என் கருத்து.

15 பேருக்குக் குறைந்தவர்களுக்கு நான் சொல்லும் மாற்று, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் தொழில் வழக்குகளை மட்டுமே பார்க்கிற ஒரு சட்டத்தரணியிடம் ஒரே ஒரு தடவை காசு கொடுத்து எழுத்தில் ஓர் அபிப்பிராயம் வாங்கிக்கொள்வது. மாதச் சந்தா வேண்டாம். ஊழியர் ஒவ்வொருவரும் எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் சபையின் கீழ், மேலதிக நேரத்துக்கு எந்த எண்ணால் வகுப்பது (240 ஆ, 200 ஆ) என்பதை மட்டும் எழுதி வாங்கினால் போதும். அதன் பிறகு மாறப்போவது தொகைதான். தொகையை வர்த்தமானியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நல்ல சட்டத்தரணியைக் கண்டுபிடிப்பது தனிப் பாடு. காணி உறுதி எழுதுகிறவரிடம் போய் மேலதிக நேரம் பற்றிக் கேட்டால் அவரும் பதில் சொல்வார். அந்தப் பதிலை வைத்துக் கணக்கு எழுதாதீர்கள்.

சம்பள மென்பொருள் விற்கிறவர்கள் ‘சட்டம் மாறினால் தானாக மாறும்’ என்று சொல்வார்கள். வீதங்கள் மாறலாம். ஆனால் இயந்திரத்தில் நிற்பவரைக் காரியாலய ஊழியர் என்று நீங்கள் பதிந்திருந்தால், அது ஆயுசுக்கும் 240 ஆல் வகுத்துக்கொண்டிருக்கும். கணக்குப் போட அது நல்லது, சட்டம் அறிய உதவாது.

என்னிடம் கேட்டால்

பத்துப் பேருக்குள், எல்லோரும் விற்பனையும் கணக்கும் பார்க்கிற கடை: காசு எதுவும் கட்ட வேண்டாம். பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்த மாதத்திலிருந்தே கூடுதல் தொகையை வேறாக ஒதுக்கத் தொடங்குங்கள். சான்றுரைத் திகதியோடு சட்டம் வந்ததும் கொடுங்கள். முன்பே கொடுக்க மனமிருந்தால் அடிப்படைச் சம்பளத்திலேயே கூட்டிக் கொடுங்கள், சேமலாப நிதியையும் அதன்மேலேயே செலுத்துங்கள். சட்டம் ஒரு மாதம் பிந்தி வந்தாலும் அதில் நட்டம் ஒன்றும் இல்லை. நிதிகளுக்குரிய காசு அடுத்த மாத இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும்; சேமலாப நிதிக்குப் பிந்தினால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும்.

ஆட்கள் குறைவாக இருந்தாலும் அச்சகம், பேக்கரி, சாப்பாட்டுக் கடை என்று சம்பளச் சபைக்கு உட்பட்ட வேலையும் கலந்திருந்தால், அந்த ஒரு தடவைச் சட்டத்தரணிச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம். அல்லது திணைக்களத்துக்குக் கடிதம் எழுதிப் பொறுமையாகக் காத்திருங்கள். இரண்டில் ஒன்றாவது கட்டாயம். பதினைந்தை எட்டியவர்கள் முதலாளிமார் சம்மேளனத்தில் சேர்வதைப் பற்றி விசாரியுங்கள். பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் நிற்பவர்கள் ஆள் எடுக்கும் முன் பதினைந்தாவது ஆளைப் பற்றி மேலே எழுதிய பந்தியை இன்னொரு முறை பாருங்கள்.

இதைப் படிக்கிற ஊழியர்களும் இருப்பார்கள். கடைக்காரர் பக்கம் நின்றே பேசிவிட்டான் என்று நினைக்கலாம். உங்களுக்குச் செலவில்லாத வழிகள் அதிகம். தொழிற்சங்கத்தில் இருப்பவர் என்றால் சங்கத்திடம் கேளுங்கள். கூட்டு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் சட்டம் சொல்வதைவிட மேலான ஏற்பாடு இருக்கக்கூடும், அது எந்த வர்த்தமானியைப் புரட்டுகிறவருக்கும் கண்ணில் படாமல் போகலாம். 1948 முதல் 2014 இல் இறக்கும் வரை இலங்கை மேர்கன்டைல் யூனியனின் பொதுச் செயலாளராக இருந்த பாலா தம்பு தாமே ஒரு சட்டத்தரணி. கொழும்புக் காரியாலய ஊழியர்கள் தொழில் சட்டம் படித்ததில் பெரும்பங்கு அந்தச் சங்கத்தின் கூட்டங்களில்தான் நடந்தது. புறக்கோட்டைச் சில்லறைக் கடைகளில் சங்கம் கிடையாது. அங்கே இருப்பவர்கள் தொழில் திணைக்களத்தில் நேரடியாக முறைப்பாடு செய்யலாம், சட்டத்தரணி தேவையில்லை, கட்டணம் இல்லை. போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் எடுத்துப் போங்கள். சிட்டை கொடுக்கிற வழக்கம் இல்லாத கடை என்றால், எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதை இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.